தெஸ்தா ஃபெர்ரோவுக்கு ஒரு விலாசம்

பவரெல்லா ஆற்றில் மீன் ஏன் அற்றுப்போனது என்று மீன் கந்தோரில் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரு கணமும் யோசிக்க மாட்டார்கள். மீன் ஒத்துழைக்கவில்லை என்பார்கள்.

எங்கள் பேச்சில் கந்தோர் என்றால் அலுவலகம்; இதற்கு முழுப் பெயர் வேறு இருக்கிறது. 'பவரெல்லா ஆற்று மீன் மீட்பு, மேம்பாடு, மேற்பார்வை ஒன்றியம்' என்று பித்தளைத் தகட்டில் வெட்டி வாசலில் அறைந்திருக்கிறார்கள். அதை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் எங்கள் சனம் மீன் கந்தோர் என்றே சொல்லிப் பழகிவிட்டது. பிரான்காச்சோவில் இறங்கி, கார் திருத்தும் கராஜுகளைத் தாண்டி, பழைய மெத்தைகள் எறிந்து கிடக்கும் வளைவால் திரும்பினால் ஆறு தெரியும். ஆறு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கோடையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். அதன் கரையில் மூன்று மாடியில் நிற்பதுதான் கந்தோர்.

இந்தச் சின்ன ஆற்றில்தான் ஒரு காலத்தில் அந்த மீன் ஏறியது. ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், இரண்டு மூன்று வருடம் அங்கே தின்று கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீன். மண்டை கருநீலமாக இரும்பு மாதிரி இருப்பதால் ஊர்க்காரர் அதைத் 'தெஸ்தா தி ஃபெர்ரோ' என்றார்கள். எங்கள் ஆட்கள் அப்படியே 'இரும்புத்தலை' ஆக்கிக்கொண்டார்கள். மாரி மழையில் ஆறு கலங்கி ஓடும் நாட்களில், அதுவும் வெளிச்சம் மங்கினால்தான், இரும்புத்தலை ஏறும். அப்போதெல்லாம் கரையில் தூண்டில் போட இடம் பிடிக்கவே சண்டை நடக்கும்.

அந்த மீனைக் காப்பாற்றத்தான் ஒன்றியம் வந்தது. காப்பாற்றுவதென்றால் முதலில் எண்ண வேண்டும். எண்ணுவதென்றால் மீன் வரிசையில் வர வேண்டும். ஆகவே ஆற்றுக்குக் குறுக்கே கொங்கிறீட் சுவர் எழுப்பி, நடுவில் இரும்புக் கம்பிக் கதவு ஒன்று வைத்தார்கள். கம்பிக்குள்ளால் தண்ணீர் போகும், மீன் போகாது. கதவைத் திறந்தால் மீன் ஒவ்வொன்றாகப் போகும், மேலே நிற்கும் அலுவலர் எண்ணிக் குறித்துக்கொள்வார். திறக்கும் நேரம் திங்கள், புதன் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, வியாழன் பின்னேரம் மூன்று முதல் ஐந்து வரை. மழை பெய்தால் பூட்டு. மழையில் நின்றால் அலுவலருக்குத் தடிமன் பிடித்துவிடும் அல்லவா?

மீனோ மழைக்கு மட்டும்தான் வரும். அலுவலரோ மழைக்கு மட்டும் வரமாட்டார். இந்த ஏற்பாட்டைச் சரியாக விளங்கிக்கொண்டவை நீர்க்காகங்கள்தான். கதவில் முட்டிக்கொண்டு நிற்கும் மீனைக் கொத்தித் தின்ன, கந்தோர் ஆட்களுக்கு முதலே வந்து அவர்கள் போன பிறகும் நின்றன. ஆயிரத்து இருநூறாக இருந்த மீன் அறுநூறானது. ஒன்றியம் கவலைப்பட்டு ஆட்களைக் கூட்டியது. அறுநூறு தொண்ணூறானது. இன்னும் கவலைப்பட்டு இன்னொரு மாடி கட்டியது. போன வருடக் கணக்கில் மீன் மூன்று, அலுவலர் முப்பத்தொன்பது.

இவ்வளவையும் கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் புனிதமலர். வயது ஐம்பத்து நான்கு. மன்னாரில் பிறந்தவள் என்றதும் வலையோடு பிறந்தவள் என்று நினைக்க வேண்டாம். தகப்பன் தபால் கந்தோரில் இருந்தவர். வீட்டில் படிவம் நிரப்பத்தான் பழக்கினார்கள். தூண்டில் பிடிக்கப் பழகியது பலெர்மோவில். பொலித்தியாமா பக்கத்தில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, எங்கள் மொழியில் அம்மாவை, பராமரிக்கும் வேலை. அந்த வீட்டில் யாருக்கும் புனிதமலர் என்று சொல்ல வாய் வராததால் அவளுக்கு ரீத்தா என்று பெயர். ரீத்தா, மருந்து. ரீத்தா, ஜன்னல். ரீத்தா, யார் ரெலிபோனில்? வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. பத்தொன்பது வருடமாக அந்த இரண்டையும் அவள் ஆற்றுக்குக் கொடுத்திருக்கிறாள். அங்கே யாரும் அவளை ரீத்தா என்று கூப்பிடுவதில்லை. அங்கே யாரும் அவளைக் கூப்பிடுவதே இல்லை. அதுதான் சுகம்.

தூண்டில் போட ஒன்றியம் அனுமதி அட்டை கொடுக்கும். அட்டையோடு கரையில் ஓர் இடமும் இலக்கத் தகடும் கொடுக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு தகடுகள் இன்னமும் கரை முழுக்க நிற்கின்றன. ஆட்கள்தான் இல்லை, எல்லாரும் வெறுத்துப் போய்விட்டார்கள். புனிதமலர் மட்டும் வருடா வருடம் புதுப்பித்தாள். இலக்கம் பதினான்கு, கதவுக்கு மேற்பக்கம், நாகதாளிப் பற்றைக்குப் பக்கத்தில். மூன்று வருடமாக அங்கே ஒரு செதிலும் பிடிபடவில்லை.

ஜனவரியில் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம். முன் வரிசைகளில் முப்பத்தொன்பது அலுவலர்கள். பின் வரிசையில் அனுமதி அட்டைக்காரர் என்று புனிதமலர் ஒருத்தி. கந்தோரைத் துப்புரவு செய்யும் கனகேஸ்வரி கதவோரம் மொப்போடு நின்றாள். யாழ்ப்பாணத்துப் பெண், புனிதமலருக்குத் தங்கை மாதிரி. இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறவர்கள்.

பணிப்பாளர் இன்ஃபந்தோலீனோ, பட்டம் பெற்றவர் என்பதால் எல்லாருக்கும் தொத்தோர், மீன் படம் போட்ட கழுத்துப்பட்டியோடு மேடை ஏறினார்.

"நண்பர்களே! இந்த ஒன்றியம் தொடங்கியபோது ஓர் அலுவலருக்கு முந்நூறு மீன். முந்நூறு! எந்த மனிதனால் முடியும்? இன்றைக்கு நிலைமை என்ன? ஒரு மீனுக்குப் பதின்மூன்று அலுவலர்கள். ஐரோப்பாவில் வேறு எந்த மீனுக்கு இந்தக் கவனிப்புக் கிடைக்கிறது என்று கேட்கிறேன்!"

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. கேள்விகள் உண்டா என்று கேட்டார். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. புனிதமலர் எழும்பினாள்.

"அந்தக் கதவை மழைக்குத் திறந்து விட்டால் என்ன?"

யாரோ கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். தொத்தோர் சிரித்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"சிஞ்ஞோரா, மழையில் யார் எண்ணுவது? எண்ணப்படாத மீன் மீன் அல்ல. அது வதந்தி. நாங்கள் ஒரு பொது நிறுவனம். வதந்திக்குக் கதவு திறக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை."

பிறகு அவள் கையில் ஒரு தூண்டிலைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள். கேள்வியை ஆராயக் குழு அமைத்திருப்பதாக அறிவித்தார்கள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. 'உங்கள் பெறுமதியான கேள்வியின் பயனாக' என்று தொடங்கியது. கதவின் பிரச்சினையைக் குழு தீர்த்துவிட்டதாம். ஆறு மாதத்துக்கு மேல் ஆற்றை விட்டு வெளியே தங்கும் மீன் இனிமேல் வதிவிட உரிமையை இழக்கும். கடலுக்குப் போய் வருகிற மீன் எல்லாம் இரண்டு வருடம் வெளியே நிற்பவை, ஆகவே ஆற்றில் வசிக்கும் மீன்களின் தொகை பூச்சியம். பெப்ரவரி இருபத்தேழு, வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி முதல் பவரெல்லா 'மீனற்ற நீரோட்டம்' ஆகும். அதைக் குழாய்க்குள் விட்டு மேலே கொங்கிறீட் போட்டு, இரும்புத்தலை நினைவு மண்டபம் கட்டப்படும். அறுபது பேருக்கு வேலை.

"ஆறு மாசத்துக்கு மேலை வெளியிலை நிண்டால் உரிமை போயிடுமாம்," என்றாள் புனிதமலர், பஸ்ஸில் கடிதத்தை மடித்தபடி. "உதை நான் எங்கையோ கேட்டிருக்கிறன், கனகம்."

"எங்கையோவே? அம்மான்ரை செத்தவீட்டுக்கு ஊருக்குப் போய் ஏழு மாசம் நிண்டிட்டு வந்து குவெஸ்தூராப் பொலிசிலை விசாவுக்கு நான் பட்ட பாடு! என்னைப் போட்டுக் காய்ச்சின அதே சட்டம் இப்ப மீனுக்கு வந்திட்டுது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அக்கா."

"நான் என்னடி கேட்டனான்? கதவைத் திறவுங்கோ எண்டுதானே கேட்டனான்."

"அதைத்தான் கேட்டிருக்கக் கூடாது. முப்பத்தொன்பது பேர் அந்தக் கதவாலை சாப்பிடுகினம்."

புனிதமலர் கடிதத்தைக் கைப்பைக்குள் திணித்தாள். "இந்த ஊரிலை வேலை மற்ற ஆக்கள் தந்தது. இருக்கிற அறை மற்ற ஆக்கள் தந்தது. பேரும் மற்ற ஆக்கள் தந்தது. நானாப் போய்ப் பிடிச்சது அந்தப் பதினாலாம் நம்பர் ஒண்டுதான். அதுக்கு மேலை கொங்கிறீட் ஊத்துவினமாம். விட மாட்டன், கனகம்."

தபால்காரன் மகள் அல்லவா, கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததையும் அவள் வாசித்திருந்தாள். 'மேற்படி திகதிக்கு முன் பதிவுபெற்ற மீன் ஒன்றாவது ஆற்றில் வசிப்பதற்கு ஆவணம் இருப்பின் இவ்வாணை செல்லாது.' மீன் இல்லாத ஆற்றில் பதிவுபெற்ற மீனுக்கு எங்கே போவது? அந்த வரியை மனதில் போட்டு வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பெப்ரவரி இருபத்தாறு, வியாழன் பின்னேரம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றைக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிட்டு வரலாம் என்று புனிதமலர் போனாள். கரையில் குந்தியிருக்க எப்போதும் கொண்டுபோகும் நீலப் பெயின்ற் வாளியும், சின்னக் கைவலையும் கையில். கதவடியை நெருங்கும்போது ஒரு சத்தம் கேட்டது. டொங். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டொங்.

சுவரில் இரண்டு நீர்க்காகங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. கீழே, கலங்கல் தண்ணீரில், இரும்புத்தலை ஒன்று. தனியே ஒன்று. முழங்கையிலும் நீளம், பக்கம் எல்லாம் வெள்ளி, வயிறு முட்டையால் புடைத்திருந்தது. பின்னுக்குப் போய், வேகம் எடுத்து வந்து, பூட்டிய கதவில் தலையால் இடித்தது. பிறகு மீண்டும் பின்னுக்குப் போனது. அதற்கு வேறு எதுவும் தெரியாது, மேலே போக வேண்டும், அவ்வளவுதான்.

"அட கோதாரி, மண்டையை உடைக்கப் போறாய்!" என்று கத்திக்கொண்டு புனிதமலர் குடையால் நீர்க்காகங்களை விரட்டினாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையை நனைத்துக்கொண்டு, வலையால் மெல்ல ஏந்தி வாளிக்குள் விட்டாள்.

இனிப் பத்து எட்டு நடந்து, சுவருக்கு மேற்பக்கம் கவிழ்த்தால் வேலை முடிந்தது. வாளியைத் தூக்கியும் விட்டாள். அப்போதுதான் யோசனை வந்தது. இப்படி விட்டால் மீன் இன்றைக்குத் தப்பும். ஆறு தப்பாது. எண்ணப்படாத மீன் வதந்தி, நாளை மத்தியானம் அந்த வதந்தியின் தலையில் கொங்கிறீட் விழும். அதன் முட்டையின் மேலும் விழும்.

பலெர்மோவில் யாராவது புதிதாக வந்திறங்கினால் புனிதமலரின் கை தானாகச் செய்யும் ஒரு காரியம் உண்டு. வந்தவர் தன்னுடைய இடத்தில் தங்கியிருக்கிறார் என்று, நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்குள் எழுதிக் கொடுக்கும் அறிவித்தல். ஒஸ்பித்தலித்தா என்பார்கள், விருந்தோம்பல் என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் வந்தவர் வரவே இல்லை. மச்சாளின் மகனுக்கு, பங்குக் கோயிலில் சந்தித்த யார் யாருக்கோ, கனகேஸ்வரிக்கே அவள் அதை நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். வெற்றுப் படிவம் எப்போதும் கைப்பையில் கிடக்கும். அதே படிவம்தான் எல்லாக் கந்தோருக்கும். பதினான்காம் இலக்கம் சட்டப்படி அவளுடைய இடம். வந்திருப்பவள் கடலில் இருந்து இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். வேறு என்ன வேண்டும்? கந்தோர் வாசல் படியில் குந்தி, வாளியைக் காலுக்குள் வைத்துக்கொண்டு, பேனையை எடுத்தாள்.

மீன் கந்தோரின் வரவேற்பு மண்டபத்தில் ஒருவரும் இல்லை. இயந்திரத்தில் நம்பர்த் துண்டு இழுத்தாள். எண்பத்தேழு. சுவரில் பன்னிரண்டு என்று எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிஞ்ஞோரா லோ வெர்தே, பதினொரு வருடமாக அதே கதிரையில் இருப்பவள், நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"சிஞ்ஞோரா, நான் மட்டும்தான் நிக்கிறன்."

"எண் வரும்போது கூப்பிடுவேன். பதின்மூன்று! பதின்மூன்று! பதின்மூன்று!" மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட்டுவிட்டு, வெறும் மண்டபத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் பொறுத்தாள். "பதினான்கு!"

வாளிக்குள் மீன் வாயைப் பிளந்து பிளந்து மூடியது. புனிதமலர் கையால் தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தாள். ஐந்து மணிக்குக் கந்தோர் பூட்டிவிடும். இருபத்தொன்பது என்று கூப்பிடும்போது கனகேஸ்வரி மொப்போடு வந்தாள். வாளியைப் பார்த்தாள். கண் விரிந்தது.

"ஐயோ அக்கா, எவ்வளவு பெரிசு! நல்ல காலம் இண்டைக்கு வெள்ளி இல்லை. குழம்போ பொரியலோ?"

"விசர்க் கதை கதையாதை. இவவுக்கு ஒஸ்பித்தலித்தா குடுக்க வந்தனான். எண்பத்தேழு வரையும் தாங்க மாட்டா. பெல்கனியிலை வாளி வைச்சிருப்பாய், மழைத்தண்ணி கொண்டா, ஓடு."

கனகேஸ்வரி ஓடிப்போய்க் கொண்டு வந்து ஊற்றினாள். பிறகு துண்டைப் பார்த்து நாக்கைக் கடித்தாள். "எண்பத்தேழோ? அக்கா, அது நான் செய்த வேலை. மெசினைத் தூசு தட்டேக்கை ஒவ்வொரு நாளும் துண்டு வந்து விழும். சாமான் எழுத உதவும் எண்டு எடுத்து வைக்கிறனான்." மேற்சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டாள். ஒரு கட்டுத் துண்டு வந்தது.

"முப்பது!" என்றாள் சிஞ்ஞோரா லோ வெர்தே.

"இஞ்சை!" என்று இரண்டு பேரும் ஒன்றாய்க் கத்தினார்கள். துண்டின் முதுகில் கத்தரிக்காய், பால், சவர்க்காரம் என்று எழுதியிருந்தது. முன்பக்கம் முப்பது இருந்தது. அது போதும்.

சிஞ்ஞோரா படிவத்தை எடுத்தாள். மேலிருந்து கீழே வாசித்தாள். மறுபடி மேலிருந்து வாசித்தாள்.

"விருந்தாளியின் குடும்பப் பெயர் ஃபெர்ரோ. பெயர் தெஸ்தா. பிறந்த இடம்?"

"இஞ்சைதான், பவரெல்லாவிலை."

"பிறகு?"

"கடலுக்குப் போனவ. இரண்டு வருசம்."

"ஆறு மாதத்துக்கு மேல். வதிவிட உரிமை முடிந்துவிட்டது."

"ஓம். அதுதான் விருந்தாளியாய் வந்திருக்கிறா."

சிஞ்ஞோரா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தாள். விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். விருந்தாளி மனிதராக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மீன் கந்தோர் விதியில் மனிதரைப் பற்றி எதற்கு எழுதப் போகிறார்கள்? "பிடித்தீர்களா? கதவுக்குக் கீழே மீன் பிடிப்பது குற்றம்."

"பிடிக்கேல்லை. வரவேற்றனான்."

"விருந்தாளி நேரில் வர வேண்டும்."

புனிதமலர் வாளியைத் தூக்கிக் கவுண்டர் மேடையில் வைத்தாள். சிஞ்ஞோரா எட்டிப் பார்த்தாள். பதினொரு வருடம் மீன் கந்தோரில் இருந்தவள், உயிர் மீனை அன்றைக்குத்தான் பார்த்தாள். முகத்தில் ஏதோ அசைந்தது. உடனே சுதாரித்துக்கொண்டாள். "படம் எடுக்க வேண்டும். முகம் நேராக, இரண்டு கண்ணும் தெரிய, வாய் மூடியபடி."

நேராகப் பார்த்தால் மீனுக்கு ஒரு கண்ணும் ஒழுங்காகத் தெரியவில்லை. வலப்பக்கம் ஒரு படம், இடப்பக்கம் ஒரு படம் எடுத்து, இரண்டு அரை முகம் ஒரு முழு முகத்துக்குச் சமம் என்று சிஞ்ஞோரா தன் அதிகாரத்துக்குள் முடிவெடுத்தாள். வாய் மூடும் கணத்தைப் பிடிக்கத்தான் கஷ்டப்பட்டார்கள். பிறகு ஒப்பம். புனிதமலர் படிவத்தை வாளிக்கு மேல் பிடித்தாள். வால் ஒரு அடி அடித்தது. தாளில் ஈரமாக ஒரு விசிறி விழுந்தது.

"தெளிவாக இருக்கிறது," என்றாள் சிஞ்ஞோரா. "உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? பதினொரு வருடத்தில் ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பிய படிவம் இதுதான்." முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள், ஒட்டியிருந்தது. சீல் கட்டையை எடுத்துக் குத்தினாள்.

அந்தச் சத்தத்துக்கு மேல்மாடிக் கதவு திறந்தது. தொத்தோர் இன்ஃபந்தோலீனோ படியால் இறங்கி வந்தார். நாளைய கொங்கிறீட் விழாவுக்குத் தைத்த புதுக் கோட்டு போட்டிருந்தார். வாளியைக் கண்டார். "இது என்ன?"

"பதிவுபெற்ற விருந்தாளி, தொத்தோர்," என்றாள் சிஞ்ஞோரா.

படிவத்தை வாசித்த தொத்தோரின் முகம் வெளிறியது. "சீல் குத்தியதை நீக்குங்கள்!"

"சீல் நீக்குவதற்குப் படிவம் இல்லை, தொத்தோர். குழுதான் கூட வேண்டும். இருபது நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்."

"நாளை மத்தியானம் ஆணை! நாங்கள் இருபது வருடம் பாடுபட்டுப் பூச்சியத்துக்கு வந்திருக்கிறோம், சிஞ்ஞோரா! இருபது வருடம்! மீன் இருந்தால் அதை மீட்க வேண்டும். மீட்டுவிட்டால் மீட்பு ஒன்றியம் எதற்கு? மீன் இல்லை என்றால்தானே நாங்கள் அதற்கு நிம்மதியாகச் சேவை செய்யலாம்?" சொல்லி முடித்த பிறகு தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டார்.

மீன் வாளிக்குள் ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. மணி நான்கே முக்கால். புனிதமலர் அதைக் கையால் நிமிர்த்திப் பிடித்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஓர் இத்தாலியக் கந்தோரில் குரலை உயர்த்தினாள்.

"தொத்தோர், உங்கடை கதையை நாளைக்குக் கதையுங்கோ. என்ரை விருந்தாளி வீட்டை போகவேணும். வாசல் பூட்டிக் கிடக்கு. திறவுங்கோ!"

"மழை பெய்கிறது. கதவு அலுவலர் வரமாட்டார்."

"விதி ஒன்பது," என்றாள் சிஞ்ஞோரா லோ வெர்தே. புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "பதிவுபெற்றவர் தன் விலாசத்துக்குப் போவதை எவரும் தடுக்க முடியாது. அவர் அங்கே வசிக்கும் காலம் முழுவதும் வழி திறந்திருக்க வேண்டும். அவர் வெளியேறிவிட்டார் என்று விருந்தோம்புபவர் எழுதித் தரும் வரை."

கலகலவென்று ஒரு சத்தம். கனகேஸ்வரி இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைக் கழற்றியிருந்தாள். "கதவுக் கம்பி தேய்க்கிறதும் நான்தானே, அக்கா. வாங்கோ."

மூன்று பேரும் ஓடினார்கள். மூன்றாவது ஆள் சிஞ்ஞோரா. விருந்தாளி விலாசத்தை அடைந்ததை அலுவலர் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று வழியில் சொல்லிக்கொண்டு வந்தாள். கறள் பிடித்த பூட்டு முரண்டு பிடித்தது. கனகேஸ்வரி மொப் தடியால் நெம்பினாள். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. புனிதமலர் தண்ணீரில் இறங்கி, மீனின் முகம் ஓட்டத்தைப் பார்க்க, இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். அசைவில்லை. "போம்மா," என்றாள். "பேப்பர் எல்லாம் சரி. போ." வால் மெல்ல ஆடியது. பிறகு பலமாக ஒரு உதறு. பதினான்காம் தகட்டடியில் ஒரு சுழி தெரிந்தது, அதற்கு மேலே இன்னொன்று.

"எத்தினை பேருக்குச் சாப்பாடு போகுது," என்று பெருமூச்சு விட்டாள் கனகேஸ்வரி.

"வாயை மூடடி. விருந்தாளியைப் பாத்துக் கதைக்கிற கதையே உது?" என்ற புனிதமலர் அழுதுகொண்டிருந்தாள். மழையில் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. விழா பிற்போடப்பட்டதாக வாசலில் அறிவித்தல் தொங்கியது. கதவு திறந்தபடியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம், அந்த மழையோடு, பதினான்காம் இலக்கத்தில் இருந்து புனிதமலர் கண்ணால் கண்டது பதினொரு வதந்திகள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். தூண்டில் பையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த மாரிக்குப் பிடிப்பாள், குழம்பும் வைப்பாள், அதை யாருக்கும் மறைக்கவில்லை. இந்த மாரி மட்டும் அவற்றுக்கு.

மார்ச் நடுப்பகுதியில் பதினான்காம் தகட்டில் ஒரு பதிவுக் கடிதம் செருகியிருந்தது. 'மதிப்புக்குரிய சிஞ்ஞோரா தெஸ்தா ஃபெர்ரோ' என்று தொடங்கியது. அவரது வதிவிடம் குறித்து விளக்கம் அளிக்க, குழுவின் முன் நேரில் தோன்றும்படியும், தவறினால் கதவு பூட்டப்படும் எனவும், பதிலை எழுத்தில் தரும்படியும் தொத்தோர் எழுதி ஒப்பமிட்டிருந்தார்.

அந்த வியாழன் பின்னேரம் புனிதமலர் கந்தோருக்குப் போனாள். கனகேஸ்வரி ஆயத்தமாக வைத்திருந்த முப்பத்தொன்றாம் துண்டைக் கொடுத்தாள். பதில் ஒரே தாள். மேலே திகதி. விருந்தாளியின் பெயர், விலாசம். விருந்தோம்புபவர் என்ற இடத்தில் ரீத்தா இல்லை, புனிதமலர் என்று முழுப்பெயர். நடுவில், வெளியேறினாரா என்ற இடத்தில், இல்லை; கதவு திறந்திருக்க விதி ஒன்பதுக்கு அது போதும். அதன் கீழே, விளக்கம் என்று கோடு போட்டிருந்த இடத்தில், பெரிய எழுத்தில், தமிழில் ஒரு சொல்: வரமாட்டா.

சிஞ்ஞோரா லோ வெர்தே தாளை மேலிருந்து கீழே பார்த்தாள். அந்த ஒரு சொல்லில் விரலை வைத்தாள். நிமிர்ந்து புனிதமலரைப் பார்த்தாள். அதன் அர்த்தம் என்ன என்று அவள் கேட்கவில்லை. எந்த மொழியில் எழுத வேண்டும் என்று விதியில் இல்லை. திகதி இருந்தது, விலாசம் இருந்தது, ஒப்பம் இருந்தது, முத்திரை இருந்தது. சீல் கட்டையை எடுத்து, ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள்.